குச்சியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்

(சென்ற ஆண்டு நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில், எந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)

செயலாளர் அவர்கள் பத்து நாளைக்கு முன்னால் போனில் கூப்பிட்டு, "மெக்கானிக்கல்காரங்க சார்பா நீங்க ஒரு இருபது நிமிஷம் பேசணும். மாணவர்களுக்குப் பிரயோசனமா இருக்கணும்" என்றார். சரி என்றேன். தலைப்பு கேட்டார். "மோட்டார் சைக்கிளில் ஆயில் லெவல் பார்ப்பது எப்படி" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, "தம்பி, செயற்கை நுண்ணறிவு, வேலைவாய்ப்பு, இப்படி ஏதாவது..." என்று இழுத்தார். அதற்கெல்லாம் என்னைவிடப் பெரியவர்கள் மேடையில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைப் பேசுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். பெருந்தன்மையாக விட்டுவிட்டார். அவருக்கு என் நன்றி.

மின்சார வண்டி வைத்திருப்பவர்கள் இந்த இருபது நிமிஷமும் வெளியே போய் டீ குடிக்கலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். மற்றவர்கள் இருங்கள்.

நான் காற்றாலைப் பராமரிப்பில் வேலை பார்க்கிறேன். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற அந்த இறக்கைகள்தான். 80 மீட்டர் உயரம் ஏறி, மேலே இருக்கிற கியர் பாக்ஸில் ஆயில் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு இறங்குவதும் என் வேலையில் ஒரு பகுதி. அந்தக் கியர் பாக்ஸ் பல நூறு லிட்டர் ஆயில் பிடிக்கும். வெப்பத்துக்கு ஒரு சென்சார், அழுத்தத்துக்கு ஒரு சென்சார் என்று கீழே கம்ப்யூட்டரில் எல்லாம் தெரியும். இருந்தாலும் ஏறிப் போய்ப் பார்க்கிறோம். இவ்வளவு செய்கிற நான், ஒரு காலத்தில் தரையில் நிற்கிற வண்டிக்கு முன்னால் குனியச் சோம்பல்பட்டேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

அதற்கு முன் ஒரு அடிப்படை விஷயம். மெக்கானிக்கல் மாணவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், மற்ற துறைக்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு சாதாரண காரில் எஞ்சினுக்கு மட்டும் மூன்று, நான்கு லிட்டர் ஆயில் இருக்கும். கியர் பாக்ஸுக்கு வேறு ஆயில். நம் 100 சிசி மோட்டார் சைக்கிளில் மொத்தமே ஒரு லிட்டர்தான், சிலதில் அதற்கும் குறைவு. அந்த ஒரு லிட்டர்தான் பிஸ்டனுக்கும் வேண்டும், தலையில் சுற்றுகிற கேம் ஷாஃப்டுக்கும் வேண்டும், கியர் பற்களுக்கும் வேண்டும், கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் குளிக்கின்றன. உராய்வைக் குறைப்பது மட்டும் அதன் வேலை என்று நினைக்காதீர்கள். ரேடியேட்டர் இல்லாத வண்டியில் உள் பாகங்களின் சூட்டை வெளிச் சுவருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதுதான். தேய்ந்த துகள்களை அடித்துக்கொண்டு போய்ச் சேர்ப்பதும் அதுதான். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே படலமாக நின்று, வாயு கீழே கசியாமல் அடைப்பதும் அதுதான். நான்கு பேர் வேலையை ஒரே ஆள் பார்க்கிறார். அந்த ஆள் மெலிந்துகொண்டே போனால் யார் சொல்வது?

யாரும் சொல்ல மாட்டார்கள். இதுதான் விஷயம். நம் நாட்டில் ஓடுகிற சின்ன வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஆயில் குறைந்தால் எரிகிற விளக்கு கிடையாது. பெட்ரோலுக்கு முள் இருக்கிறது. பழைய வண்டி என்றால் ரிசர்வ் இருக்கிறது. வண்டி இரண்டு தரம் விக்கும், குழாயைத் திருப்பினால் பங்க் வரை போய்விடலாம். ஆயிலுக்கு ரிசர்வ் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. நம் அப்பாக்கள் பலர் டிவிஎஸ் 50, ராஜ்தூத் என்று டூ ஸ்ட்ரோக் வண்டியில் பழகியவர்கள். பங்கில் பெட்ரோல் போடும்போதே அளந்து 2டி ஆயிலையும் சேர்த்து ஊற்றிவிடுவார்கள். பெட்ரோல் இருந்தால் ஆயிலும் இருக்கிறது என்று அர்த்தம். தனியாகக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. ஃபோர் ஸ்ட்ரோக் வந்தபோது வண்டி மாறியது, பழக்கம் பல வீடுகளில் மாறவில்லை.

எங்கள் அப்பா மாறியவர். அவர் எட்டாவது வரை படித்தவர். தவணைக்கு ஜவுளி வியாபாரம். நாங்குநேரிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுக்கு. களக்காடு, ஏர்வாடி, திருக்குறுங்குடி, வள்ளியூர் என்று கிழமைக்கு ஒரு லைன். பின்னால் துணி மூட்டை, முன்னால் டேங்கின்மேல் வசூல் பை. 2001-ல் ஒரு ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் வாங்கினார். எங்கள் வீட்டில் அரிசி வந்தது அந்த வண்டியில்தான். நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்ததும் அந்த வண்டி ஓடிய ஓட்டத்தில்தான்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் கோவிலுக்குப் போகும் முன்னால் வண்டியை மெயின் ஸ்டாண்டில் போடுவார். பழைய பனியன் துணியால் குச்சியைத் துடைத்துப் பார்ப்பார். டூல் பாக்ஸுக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு பாக்கெட் நோட்டு வைத்திருந்தார். தேதி, கிலோமீட்டர், பார்த்தது, ஊற்றியது என்று நாலு கட்டம். நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே வண்டி 80,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ரிங் தேய்ந்திருந்தது. "ஊற்றியது" என்ற கட்டத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நூறு மில்லி, நூற்றைம்பது மில்லி என்று எழுதியிருப்பார். நாங்கள் வகுப்பில் தேய்மானம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். அது வீட்டில் அப்பா கையெழுத்தில் இருந்தது. நான் வாசிக்கவில்லை.

2009 ஆடி மாதம். எனக்கு இறுதி ஆண்டு. அப்பாவுக்குக் காலில் முள் குத்திப் பழுத்து, நாலு வாரம் வண்டி மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி சும்மா நிற்கிறதே, புராஜெக்ட் வேலைக்கு எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். புது ஆயில் மாற்றிக் கொடுத்தார். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒருவர் ஆயில், டியூப், பல்பு வைத்து விற்பார். பன்னிரண்டு வருஷமாக அப்பா அவரிடம்தான் வாங்குவது. அன்றைக்கும் அங்கேதான் வாங்கினார். சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: "ஏல, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம குச்சியப் பாத்துரு. தொடச்சிட்டுப் பாரு. தொடைக்காமப் பாத்தா அது பொய் சொல்லும். பாத்துட்டு நோட்டுல ஒரு டிக் போட்டுரு."

நாலு ஞாயிற்றுக்கிழமை. நாலு டிக் போட்டேன்.

முதல் வாரம் புது ஆயில்தானே என்று பார்க்காமலே போட்டேன். இரண்டாம் வாரம் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் பாதி காட்டியது. திருப்தியாக டிக். மூன்றாம் வாரமும் நான்காம் வாரமும், போன வாரம்தான் பார்த்தோமே என்று டிக். அப்பா முப்பது, நாற்பதில் உருட்டிக்கொண்டு போகிற வண்டியை நான் எழுபதில் விரட்டினேன். வேகம் கூடினால், தேய்ந்த ரிங் உள்ள எஞ்சின் ஆயிலை இன்னும் வேகமாகக் குடிக்கும். தினமும் கல்லூரிக்குப் போக வர 70 கிலோமீட்டர். கணக்குப் போடத் தெரிந்த பையன்தான் நான். போடவில்லை.

நாலாவது டிக் போட்ட நாலாம் நாள், வியாழக்கிழமை. நானும் என் நண்பனும் (அவன் இப்போது இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான்) புராஜெக்டுக்காக முப்பந்தல் போனோம். அப்போது தேசிய நெடுஞ்சாலை 7, இப்போது 44. வள்ளியூர் தாண்டியதுமே வண்டி இழுக்கவில்லை. ஆடிக் காற்று எதிர்த்து அடிக்கிறது என்று நினைத்தேன். ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினேன். எஞ்சின் தலையில் கடகடவென்று ஒரு சத்தம். "என்ன மாப்ள சத்தம்" என்றான். "காத்துடா" என்றேன். பணகுடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எஞ்சின் இறுகிப் பின் சக்கரம் ஒரு கணம் பிடித்துக்கொண்டது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் இருவரும் விழவில்லை. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது.

இந்த இடத்தில் ஒன்று. ஓடும்போது எஞ்சின் இறுகுவதுபோல் தோன்றினால் முதலில் கிளட்சைப் பிடியுங்கள், பிறகு ஓரம் கட்டுங்கள். பிரேக் அதற்கு அப்புறம். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

லோடு ஆட்டோவில் வண்டி ஊருக்கு வந்தது. மெக்கானிக் அண்ணாச்சி கீழே போல்ட்டைக் கழற்றி, வெட்டிய ஆயில் டப்பாவைப் பிடித்தார். கறுப்பாகக் கொஞ்சம் சொட்டியது. கால் லிட்டர்கூட இல்லை. டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் நீளக் கோடுகள், சிலிண்டரில் அதே கோடுகள், கேம் ஷாஃப்ட் அரித்திருந்தது. கேம் இருப்பது உச்சியில். பம்ப் அள்ளுகிற ஆயில் கடைசியாகப் போய்ச் சேர்கிற இடம் அது. பஞ்சம் வந்தால் முதலில் பட்டினி கிடப்பதும் அதுதான். போர் பண்ண வேண்டும், பெரிய அளவு பிஸ்டன், புது ரிங், கேம் எல்லாம் மாற்ற வேண்டும் என்றார். பதினெட்டு நாள் ஆயிற்று. அந்தப் பதினெட்டு நாளும் அப்பா, ஆறியும் ஆறாத காலோடு, துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் லைனுக்குப் போனார். பஸ் போகாத ஊருக்கு நடந்தார்.

மீதிக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது, அந்த இரண்டாம் வாரம் நான் பார்த்தது எப்படித் தப்பு என்று பார்ப்போம். எஞ்சினியர்களுக்கு அதுதான் முக்கியம்.

ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டியில் ஆயில் ஊற்றுகிற மூடியிலேயே குச்சி இருக்கும். மூடியில் மரை உண்டு. நான் குச்சியைத் துடைத்தேன், திரும்ப உள்ளே விட்டு மூடியை இறுக்கமாகத் திருகினேன், பிறகு கழற்றிப் பார்த்தேன். ரொம்பப் பொறுப்பான பையன்! ஆனால் அந்த வண்டியின் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது? திருகாமல், மூடியை வாயில் உட்கார வைத்து மட்டும் பார்க்க வேண்டும். கோடுகள் அந்தக் கணக்கில்தான் போட்டவை. திருகினால், மரையின் உயரம் அளவுக்குக் குச்சி கூடுதலாக உள்ளே இறங்கும். இல்லாத ஆயில் இருப்பதாகக் காட்டும். கீழ்க்கோட்டுக்குக் கீழே கிடந்த ஆயில் எனக்குப் பாதியாகத் தெரிந்தது அப்படித்தான்.

இதற்கு நேர் எதிர்த் தப்பு சைடு ஸ்டாண்டில் வைத்துப் பார்ப்பது. சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாயும். குச்சி இருப்பது வலப்பக்கம். ஆயில் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும், குச்சியில் ஒன்றும் ஒட்டாது. அடடா, தீர்ந்துவிட்டதே என்று அரை லிட்டரை ஊற்றுவீர்கள். திருகிப் பார்த்தவன் வண்டி பட்டினியில் சாகும், சாய்த்துப் பார்த்தவன் வண்டிக்கு அஜீரணம் வரும். அளவுக்கு மேல் இருந்தால் உள்ளே சுற்றுகிற பாகங்கள் ஆயிலை மோர் கடைவதுபோல் கடையும். நுரை வரும், சூடு ஏறும், இழுவை குறையும், மூச்சுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போகும், சீல் வழியாகக் கசியும். "கூட இருந்தா நல்லதுதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகவே முறை இது. சமதரை. மெயின் ஸ்டாண்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்து மூன்று, நாலு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள். இரண்டு, மூன்று நிமிஷம் பொறுங்கள். மேலே போன ஆயில் கீழே வடிந்து வர வேண்டும். ஓட்டிவிட்டு வந்த உடனே பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். பிறகு கழற்று, துடை, திருகாமல் விடு, எடு, பார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும், மேல் கோட்டை ஒட்டி இருந்தால் நல்லது. குறைந்தால் ஒரேயடியாக ஊற்றாமல் நூறு மில்லி ஊற்றி, கொஞ்சம் பொறுத்து மறுபடி பாருங்கள்.

எல்லா வண்டிக்கும் இதுவே என்று எழுதிக்கொள்ளாதீர்கள். திருகித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்கிற வண்டிகளும் உண்டு. உங்கள் வண்டியோடு வந்த புத்தகம் பீரோவில் ஆர்சி புக்குக்குக் கீழே கிடக்கும், அதை எடுத்துப் பாருங்கள். பல்சர் மாதிரி வண்டிகளில் குச்சிக்குப் பதில் எஞ்சின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கும். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. சுலபம்தான், ஆனால் வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். இப்போது வருகிற பல வண்டிகளில் மெயின் ஸ்டாண்டே இல்லை. ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும். ஹாஸ்டலில் ஆளுக்கா பஞ்சம்? இன்று காலை நம் வண்டி ஸ்டாண்டில் ஒரு நடை நடந்து பார்த்தேன். அத்தனை வண்டியும் சைடு ஸ்டாண்டில் நிற்கின்றன. ஒரு டாக்டராக என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

முன்வரிசையில் இருக்கிற மூத்த அண்ணாச்சிகள் சிலர் பழைய புல்லட் வைத்திருப்பார்கள். திருவொற்றியூர்த் தயாரிப்பு, வார்ப்பிரும்பு எஞ்சின். அது வேறு ஜாதி. எஞ்சினுக்கு ஆயில் தனி அறையில், கியர் பாக்ஸுக்குத் தனி, கிளட்ச் பக்கம் தனி. பத்து நாள் ஓட்டாமல் நிறுத்தினால் அறையில் இருக்கிற ஆயில் மெதுவாகக் கசிந்து கீழே கிராங்க் பகுதிக்குப் போய்விடும். அந்த நிலையில் குச்சியைப் பார்த்தால் காலி. ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால், கீழே இருந்ததும் மேலே வந்து சேர்ந்து வழியும். ஓட்டிச் சூடானபிறகு பார்ப்பதே அதற்கு முறை. புல்லட் ஆயில் ஒழுகும் என்ற கெட்ட பெயரில் பாதி, நாம் ஊற்றிக் கெடுத்தது என்பது என் கருத்து. மறுப்பு இருப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள், சண்டை போடலாம்.

என்ன ஆயில் என்று கேட்பீர்கள். புத்தகத்தில் போட்ட எண்ணை ஊற்றுங்கள். 10டபிள்யூ-30 என்றால் அதுவே. அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. கெட்டியாக இருந்தால் நல்லது என்று அவரவர் இஷ்டத்துக்கு மாற்ற வேண்டாம். இன்னொரு விஷயம், காருக்கு வாங்கிய விலை உயர்ந்த ஆயில் வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று பைக்கில் ஊற்றாதீர்கள். கார் ஆயில்களில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு அதிகம் சேர்ப்பார்கள். நம் கிளட்சுக்கு உராய்வு வேண்டும். கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். இதற்காகவே ஜப்பான்காரர்கள் 1998-ல் ஜாசோ எம்.ஏ. என்று ஒரு தரம் வைத்தார்கள். டப்பாவில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எம்.பி. என்று போட்டிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு.

குச்சியை எடுக்கிறபோது லெவலை மட்டும் பார்க்காமல் ஆயிலையும் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், கரியைச் சுமப்பது அதன் வேலை. பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18-ல் நம் பக்கம் கொட்டிய மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்து வண்டிகள் சீட் வரை முங்கின. தண்ணீர் வடிந்ததும் நம் ஆட்கள் செய்த முதல் வேலை கிக்கரை உதைத்தது. முங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஆயிலை வடித்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, புது ஆயில் ஊற்றியபிறகுதான் மற்றது.

லெவல் ஏறுவதும் உண்டு. ஊற்றாமலே ஆயில் கூடினால் சந்தோஷப்படாதீர்கள். குச்சியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டரில் ஊசி சரியாக அடைக்காமல் பெட்ரோல் உள்ளே இறங்குகிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இரவில் பெட்ரோல் குழாயை மூடிவைக்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். ஆயில் நீர்த்துப் போய்விட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். காலி டப்பாவை எறியும் முன்னால் ஆணியால் ஒரு ஓட்டை போடுங்கள், இல்லையென்றால் வேறு சரக்கோடு திரும்பிக் கடைக்கு வந்தாலும் வரும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், மெக்கானிக்கிடம் சேர்த்து வாங்குகிற ஆள் வருவார்.

டூப்ளிகேட் ஆயில் என்றதும் கதைக்கு வந்துவிட்டேன்.

மெக்கானிக் அண்ணாச்சி அப்பாவிடம், "ஆயில் கொறஞ்சிட்டு, அதான் புடிச்சிட்டு" என்றார். அப்பா நோட்டை எடுத்தார். "ஞாயித்துக்கெழம பாத்துருக்கானே. சரியா இருந்துருக்கு. வெசாழக்கெழம தீந்துட்டா? நாலு நாள்ல எரிஞ்சு போற ஆயில் என்ன ஆயிலு?" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

யோசித்துப் பாருங்கள், அப்பா போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை. கையில் இருந்த விவரத்தை வைத்து, ஒரு நல்ல எஞ்சினியர் எந்த முடிவுக்கு வருவாரோ அந்த முடிவுக்குத்தான் வந்தார். விவரம்தான் பொய். அங்கிருந்து நேரே கடைத்தெருவுக்குப் போனார். பன்னிரண்டு வருஷம் பழகிய அந்தக் கடைக்காரரைப் பார்த்து, நாலு பேர் நிற்கும்போது, கள்ள ஆயில் விற்றதாகச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் டப்பாவை எடுத்துக் காட்டினார், பில்லைக் காட்டினார், சாமி மேல் சத்தியம் செய்தார். அப்பா கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்தக் கடைக்குப் போகவில்லை. வேறு சிலரும் நிறுத்திக்கொண்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். கவனியுங்கள், அந்த ஆயிலில் ஒரு குறையும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து முதல் வருஷம், ஒரு செக் லிஸ்ட் கையில் கொடுத்தார்கள். அதில் பதினேழாவது வரி, ஆயில் மட்டம். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். காற்று ஊளையிடுகிறது, கை நடுங்குகிறது, இறங்கிவிட்டால் போதும் என்றிருக்கிறது. பேனா கட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. எனக்கு நினைவுக்கு வந்தது கியர் பாக்ஸ் அல்ல. ஆயில் டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கடைக்காரரின் கைதான். டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

2016-ல்தான் அப்பாவிடம் சொன்னேன். ஏழு வருஷம் ஆகிவிட்டது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். முழுக்கக் கேட்டார். திட்டவில்லை. "நாலு பேரு முன்னாலல்லா அவரச் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். அந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை இருந்தது. பழைய கடைக்காரர் எப்போதோ கடையைக் கொடுத்துவிட்டு, திருப்பூரில் மகன் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். முகவரி யாருக்கும் தெரியவில்லை. அப்பா இன்னும் திருப்பூர்ப் பக்கம் போகிற ஆட்களிடம் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வண்டி இப்போதும் இருக்கிறது. நோட்டும் இருக்கிறது. அந்த நாலு டிக் உள்ள பக்கத்தை அப்பா கிழிக்கவில்லை, நானும் கிழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் நான்தான் குச்சி பார்ப்பது. அப்பா நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். இன்னமும், "தொடச்சியா?" என்று கேட்பார்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். சாப்பாட்டுக்கு மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. நான் ஒரு பை நிறையப் பழைய பனியன் துணி கொண்டுவந்திருக்கிறேன். வண்டி வைத்திருக்கிற தம்பி தங்கைகள் ஸ்டாண்டுக்கு வாருங்கள். மெயின் ஸ்டாண்டு இல்லாத வண்டிக்காரர்கள், நிமிர்த்திப் பிடிக்க ஒரு நண்பரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். என் பணகுடி நண்பனும் வருகிறான், அவனுக்கு அந்தச் சத்தம் நன்றாக ஞாபகம் இருக்கிறது.